ஆப்பிரிக்கக் கிராமங்களில் தண்ணீர் தூக்கும் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு சிறுமி செம்மண் பாதையில் நடந்து போகும் படத்தை எல்லோரும் எங்காவது பார்த்திருப்போம். படத்தைப் பார்த்ததும் எழும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே. சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

ஆப்பிரிக்கா முழுக்க இப்படித்தானா?

இல்லை. அங்கே 54 நாடுகள் இருக்கின்றன. எகிப்தின் கிராமங்களிலும் மொரிஷியஸிலும் குழாய்த் தண்ணீர் சாதாரண விஷயம். நைரோபியிலும் அக்ராவிலும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் தண்ணீருக்காக நடப்பதில்லை, லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்துப் புலம்புவார். நாம் இங்கே பேசுவது சஹாராவுக்குத் தெற்கே உள்ள கிராமப்புறங்களைப் பற்றி. அதிலும் மலாவி, உகாண்டா, கென்யா, எத்தியோப்பியா, கானா ஆகியவைதான் அதிகம் வரும். ஒரே நாட்டுக்குள்ளும் நிலைமை மாறும். கென்யாவின் மேற்கில் மழை அதிகம், ஊற்றுகள் உண்டு. வடக்கே துர்கானாவில் காய்ந்த ஆற்று மணலைத் தோண்ட வேண்டும்.

பெரியவர்கள் இருக்கும்போது ஏன் பிள்ளைகள் போகிறார்கள்?

பெரியவர்களும் போகிறார்கள், அதிகம் போவது அவர்கள்தான். வீட்டுக்குள் குழாய் இல்லாத குடும்பங்களில் பத்தில் ஏழில் தண்ணீர்ப் பொறுப்பு பெண்கள், சிறுமிகள் தலையில்தான் இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இது உலகம் முழுமைக்குமான கணக்கு.

பிள்ளைகள் எங்கே வருகிறார்கள் என்றால், அம்மா காட்டில் களை எடுக்கும்போதும், கைக்குழந்தையோடு அடுப்படியில் இருக்கும்போதும், சந்தைக்குப் போகும்போதும் வருகிறார்கள். வீட்டு வேலை வயதுவாரியாகப் பிரிந்து கிடக்கிறது: சின்னவன் ஆட்டைப் பார்ப்பான், பெரியவள் தண்ணீர் எடுப்பாள். ஐந்தாறு வயதில் அம்மாவுக்குப் பின்னால் சின்னக் கேனோடு போவதில் தொடங்கி, எட்டு ஒன்பது வயதில் தனியாகப் போகும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பெற்றோருக்கு இரக்கம் இல்லை என்று நினைக்க வேண்டாம். பிள்ளையைத் தண்ணீருக்கு அனுப்பினால் அந்த நேரத்தில் அம்மா வயலில் நிற்க முடியும், அந்த வயல்தான் சோறு.

எத்தனை பிள்ளைகள்? ஏதாவது கணக்கு உண்டா?

சஹாராவுக்குத் தெற்கே உள்ள 24 நாடுகளின் குடும்பக் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வந்தது. தண்ணீர் கொண்டுவர அரை மணிக்கு மேல் ஆகும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே 33 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகளும், ஒரு கோடியே 35 லட்சம் பெண்களும் அந்த வேலையின் முதன்மைப் பொறுப்பில் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் 62 சதவீதம் சிறுமிகள், 38 சதவீதம் சிறுவர்கள்.

இந்த எண் குறைவாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. கணக்கெடுப்பில் கேட்பது "வழக்கமாக யார் தண்ணீர் கொண்டுவருவார்?" என்று. "நான்தான்" என்று அம்மா சொல்வார், அது உண்மையும்தான். ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வந்து மகள் எடுத்துவந்த இரண்டு கேன் அந்தப் பதிலில் காணாமல் போய்விடும்.

எவ்வளவு தூரம் நடக்கிறார்கள்?

தூரத்தைக் கேட்பதைவிட நேரத்தைக் கேட்பதுதான் சரி. உலக அளவில் இதைக் கணக்கெடுப்பவர்களும் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை. போய், வரிசையில் நின்று, நிரப்பி, திரும்பி வர மொத்தம் 30 நிமிடம் என்பதுதான் அவர்கள் போட்ட கோடு. பாதுகாக்கப்பட்ட நீராதாரமாகவே இருந்தாலும் அரை மணியைத் தாண்டினால் அது "அடிப்படை வசதி" என்ற பட்டியலில் வராது.

வரிசை ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மலாவியில் ஒரு கைபம்புக்கு 250 பேர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 லிட்டர் என்றால் 5,000 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேனில் 250 கேன். ஒரு கேன் நிரம்ப, கேனை வைத்து எடுக்கும் நேரமும் சேர்த்து, இரண்டு நிமிடம் என்று வையுங்கள். 500 நிமிடம். எட்டு மணி நேரத்துக்கும் மேல் அந்தக் கைப்பிடி நிற்காமல் அடிபட வேண்டும்! இது எல்லாம் ஒழுங்காக ஓடினால். பக்கத்து ஊர் பம்பு கெட்டுப்போய் அந்த ஊர்க்காரர்களும் இங்கே வந்துவிட்டால், விடிவதற்கு முன்பே கேன்களை வரிசையில் வைத்து இடம் பிடிக்க வேண்டியதுதான். ஆள் வீட்டில் இருப்பார், கேன் வரிசையில் நிற்கும். நம் ஊரில் லாரிக்குக் குடம் போட்டு இடம் பிடித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கோடையில் எல்லாமே நீளும். மலாவியில் மே முதல் அக்டோபர் வரை மழை கிடையாது, கடைசி இரண்டு மாதங்களில் ஆழம் குறைந்த கிணறுகள் வற்றிவிடும். சோமாலியா, எத்தியோப்பியா, கென்யா எல்லைப்பக்கம் 2020 கடைசியில் தொடங்கி 2022 முடிய ஐந்து மழைப்பருவங்கள் வரிசையாகப் பொய்த்தன. அந்த நாட்களில் அரை மணிக் கணக்கெல்லாம் எடுபடவில்லை.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பிள்ளை எவ்வளவு தூக்கும்?

குடிக்க, சமைக்க, கை கால் கழுவ என்று குறைந்தபட்சமாக ஆளுக்கு 20 லிட்டர் என்பார்கள். ஐந்து பேர் வீட்டுக்கு 100 லிட்டர், ஐந்து கேன். ஒரு கேன் 20 கிலோ. ஒரு நடைக்கு அரை மணி என்றாலே இரண்டரை மணி நேரம் போய்விடும், துணி துவைப்பது இதில் சேரவில்லை.

அந்த மஞ்சள் கேன் பெரும்பாலும் சமையல் எண்ணெய் வந்த கேன். எண்ணெய் தீர்ந்ததும் கழுவித் தண்ணீருக்கு வைத்துக்கொள்கிறார்கள், ஓட்டை விழுந்தால் சூடாக்கி ஒட்டுவார்கள், மூடி தொலைந்தால் வாழைப்பழமோ உருளைக்கிழங்கோ மரக்குச்சியோ அடைப்பாகும். பத்து வயதுப் பிள்ளையின் எடை ஏறக்குறைய 30 கிலோ. 20 லிட்டரை அதன் தலையில் வைத்தால் உடல் எடையில் மூன்றில் இரண்டு பங்கு. அதனால் சின்னவர்களுக்கு 5 லிட்டர், 10 லிட்டர் கேன்கள் இருக்கின்றன. ஆனால் சின்னக் கேன் என்றால் நடை கூடும், அதனால் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பெரிய கேனையே எடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. நீராதாரம் தூரமாக ஆக, வீட்டுக்கு வரும் தண்ணீரும் படிப்படியாகக் குறையும் என்று தோன்றும். பல ஊர்களில் அளந்து பார்த்தபோது, நடை ஐந்து நிமிடத்தில் இருந்து அரை மணி வரை கூடினாலும் வீட்டுக்கு வரும் தண்ணீர் பெரிதாக மாறுவதில்லை, ஆளுக்கு 15 லிட்டர் போலவே நிற்கிறது. அரை மணியைத் தாண்டினால் இன்னும் குறைகிறது. வீட்டு முற்றத்துக்கே குழாய் வந்தால் மட்டும் சட்டென்று பல மடங்கு ஏறுகிறது. குறையும் இடத்தில் முதலில் வெட்டு விழுவது கை கழுவுவதற்கும் குளிப்பதற்கும்தான்.

தலையில் தூக்குவது அவர்களுக்குப் பழக்கம்தானே? உடம்பை என்ன செய்துவிடும்?

இந்தப் பழக்கக் கதைக்கு ஒரு பின்னணி உண்டு. கென்யாவின் கிக்குயூ, லூவோ இனப் பெண்கள் தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் சக்தி எதுவும் செலவழிக்காமலே சுமக்கிறார்கள் என்று 1986-இல் ஓர் ஆய்வு வந்தது. பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு தென்னாப்பிரிக்காவில் 2010 வாக்கில் அதிகப் பெண்களை வைத்துப் பார்த்தபோது அப்படி ஒரு பொது விதி கிடைக்கவில்லை. முதல் ஆய்வே வயதுவந்த ஒரு சில பெண்களை வைத்துத்தான், பிள்ளைகளை வைத்து அல்ல.

தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணக் கிராமங்களில் தண்ணீர் சுமப்பவர்களிடம் கேட்டவர்கள் கழுத்து, முதுகு வலியைப் பற்றித்தான் அதிகம் கேள்விப்பட்டார்கள். 21 நாடுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்த இன்னொரு ஆய்வில் 13 சதவீதம் பேர் தண்ணீர் எடுக்கப்போய் அடிபட்டதாகச் சொன்னார்கள், அதில் பெரும்பாலானவை வழுக்கி விழுந்தவை. ஈரமான ஏற்றப் பாதையில் தலையில் பாரத்தோடு விழுவது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூக்கும் முறை ஊருக்கு ஊர் மாறும். மலாவி, மொசாம்பிக், கானா பக்கம் தலைச்சுமை. துணியையோ புல்லையோ வளையமாகச் சுருட்டித் தலையில் வைக்கிறார்கள், நம் சும்மாடு அப்படியே. திறந்த வாளி என்றால் மேலே ஓர் இலைக் கொத்தை மிதக்க விடுவார்கள், தண்ணீர் தளும்பாது. கிக்குயூ பெண்கள் முதுகில் கேனை வைத்து, அதைத் தாங்கும் வாரை நெற்றியில் போட்டுக்கொள்வார்கள். எத்தியோப்பியாவிலும் முதுகில் கட்டிச் சுமப்பார்கள்.

பள்ளிக்கூடம் போவதை இது எவ்வளவு கெடுக்கிறது?

கெடுக்கிறது, ஆனால் விளம்பரங்களில் சொல்லும் அளவுக்கு நேர்க்கோடாக இல்லை. கானாவின் கணக்கெடுப்புகளை வைத்துச் செய்த ஆய்வில், தண்ணீர் எடுக்கும் நேரம் பாதியாகக் குறைந்தால் சிறுமிகளின் பள்ளி வருகை சராசரியாக 2.4 சதவீதப் புள்ளி கூடுகிறது என்று வந்தது, கிராமங்களில் இதைவிட அதிகம். எதிர்பார்த்ததைவிடச் சின்ன எண்ணாகத் தோன்றுகிறதா? பள்ளிக்குப் போகாததற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன: சீருடைச் செலவு, பள்ளியின் தூரம், சீக்கிரம் கல்யாணம். தண்ணீர் ஒன்றைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடாது.

வருகைப் பதிவேட்டில் தெரியாத பாதிப்பும் உண்டு. விடிகாலை இரண்டு நடை போய்விட்டு, முதல் பாடம் முடிந்தபின் வந்து உட்காரும் பிள்ளைக்கும் பதிவேட்டில் "வந்தாள்" என்றுதான் இருக்கும். சாயங்காலம் வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் மறுபடி வரிசை. அப்புறம், பல பள்ளிகளிலேயே தண்ணீர் கிடையாது. கென்யாவிலும் உகாண்டாவிலும் பிள்ளைகள் புத்தகத்தோடு ஒரு சின்னக் கேனில் பள்ளிக்கூடத்துக்கும் தண்ணீர் கொண்டுபோவது உண்டு, கழிப்பறைக்கும் வகுப்புத் தரையில் தெளிப்பதற்கும்.

பையன்கள் தண்ணீர் எடுப்பதே இல்லையா?

எடுக்கிறார்கள், மேலே பார்த்தபடி பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள்தான். ஆனால் சக்கரமும் காசும் வந்ததும் வேலை ஆண் வேலையாகிவிடுகிறது. உகாண்டாவில் சைக்கிளில் நாலைந்து கேன்களைக் கட்டித் தள்ளிக்கொண்டு போய் விற்பது இளைஞர்கள். கழுதை வண்டி ஓட்டுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். எத்தியோப்பியாவின் தெற்கே போரானா மக்களின் ஆழக் கிணறுகளில் ஆண்கள் வரிசையாக ஏணிபோல நின்று, பாடிக்கொண்டே வாளியைக் கை மாற்றி மேலே அனுப்புவார்கள், அது மாடுகளுக்கு. வீட்டுக்கான குடிநீரைச் சம்பளமில்லாமல் தலையில் தூக்குவது மட்டும் பெண் பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. மலாவியில் தண்ணீர் எடுக்கும் பெண்கள் சராசரியாக நாளொன்றுக்கு 54 நிமிடமும் ஆண்கள் 6 நிமிடமும் செலவிடுவதாக ஐ.நா. கணக்கு சொல்கிறது.

எங்கிருந்துதான் எடுக்கிறார்கள்? குடித்தால் நோய் வராதா?

கைபம்பு, திறந்த கிணறு, ஊற்று, குளம், ஆறு, ஏரி, எது பக்கமோ அது. 2022 நிலவரப்படி உலகில் 11.5 கோடிப் பேர் ஆறு குளங்களில் இருந்து நேராக எடுத்துக் குடிக்கிறார்கள். அதில் பெரும் பகுதி சஹாராவுக்குத் தெற்கேதான்.

கென்யாவின் கிட்டுயி, மச்சாக்கோஸ் பகுதிகளில் ஆறு வருடத்தின் பெரும்பகுதி வெறும் மணல். மணலைத் தோண்டினால் ஊறும், வைகைப் பக்கம் செய்வதுபோலவே. வறட்சி கூடக் கூடக் குழி ஆழமாகும், ஓரம் சரியும். உள்ளே இறங்கி மொள்ளுவது எடை குறைந்த ஆளாக இருந்தால் நல்லது என்று பிள்ளைகளை இறக்குவார்கள், எனக்கு இது கேன் தூக்குவதைவிடப் பயமாக இருக்கிறது. இதே ஆறுகளின் குறுக்கே சின்னக் கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டி மணலைத் தேக்குவது அங்கே நன்றாக வேலை செய்கிறது. மணலுக்குள் தண்ணீர் நிற்கும், வெயில் உறிஞ்சாது, கொசு வராது.

நோயைப் பொறுத்தவரை, வயிற்றுப்போக்கும் காலராவும் எல்லோருக்கும் தெரிந்தவை. ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு வேறு ஒன்று வரும்: பில்ஹார்சியா. நத்தையில் இருந்து வெளிவரும் நுண்ணிய புழு, தண்ணீரில் நிற்கும் காலின் தோல் வழியாக உள்ளே போய்விடும். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை, மொள்ளுவதற்கு இறங்கியதே போதும். விக்டோரியா ஏரி, மலாவி ஏரிப் பகுதிகளில் இது சகஜம். நல்ல செய்தியும் உண்டு. நம் ஊரிலும் ஒரு காலத்தில் இருந்த நரம்புச் சிலந்தி (கினிப் புழு) நோய் 1986-இல் ஆண்டுக்கு 35 லட்சம் பேருக்கு வந்தது. துணியில் வடிகட்டுவது, புழு வெளியே வரும் காலோடு குளத்தில் இறங்கவிடாமல் தடுப்பது என்ற எளிய வழிகளாலேயே, கடந்த சில ஆண்டுகளாக உலகம் முழுக்க இருபதுக்கும் குறைவாகிவிட்டது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை.

ஆறுகளில் முதலை ஆபத்தும் உண்டு. மலாவியின் ஷிரே ஆற்றங்கரையில் இது கற்பனைப் பயம் கிடையாது. தனியாகப் போகும் சிறுமிகளுக்கு மனிதர்களால் வரும் ஆபத்து தனி. கும்பலாகச் சேர்ந்து போவதற்கு அரட்டை மட்டும் காரணம் அல்ல.

பம்பில் இருந்து எடுத்தால் சுத்தம்தானே?

பம்பின் வாயில் சுத்தம். வீட்டுக்கு வந்து, பானையில் ஊற்றி, எல்லோரும் கை விட்டு மொண்டு, மறுநாள் குடிக்கும்போது சுத்தமா என்பது வேறு கேள்வி. பல நாடுகளில் அளந்து பார்த்ததில் ஆதாரத்துக்கும் குடிக்கும் கோப்பைக்கும் நடுவில் தரம் இறங்குவதுதான் வழக்கம். கென்யாவின் புசியா பகுதியில் ஊற்றுகளைக் கான்கிரீட் போட்டு மூடிக் குழாய் வைத்தபோது, ஊற்றில் மலக்கிருமி மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. வீட்டில் அந்த அளவு குறையவில்லை. ஆனாலும் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அந்த ஆய்வைச் செய்தவர்களில் ஒருவரான மைக்கேல் கிரேமருக்கு வறுமை ஒழிப்பு ஆய்வுகளுக்காக 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பகுதியில்தான், தண்ணீர் பிடிக்கும் இடத்திலேயே ஒரு திருகில் அளவான குளோரின் விழும் பெட்டிகளை வைத்துப் பார்த்தார்கள். பிறகு உகாண்டாவுக்கும் மலாவிக்கும் போயிற்று. கேனை நிரப்ப வரும் பிள்ளையே போட்டுவிடலாம், வீட்டுக்குப் போவதற்குள் கலந்துவிடும்.

கலங்கல் நீரைத் தெளியவைக்க சூடானில் முருங்கை விதையை இடித்துப் போடுவார்கள். நம் தேத்தாங்கொட்டையின் வேலைதான். தெளியும், ஓரளவு கிருமியும் படியும், முழுதாகப் போகாது.

அங்கே நிலத்தடி நீரே இல்லையா?

இருக்கிறது, நிறைய. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் 2012-இல் போட்ட வரைபடத்தின்படி ஆப்பிரிக்காவின் நிலத்தடியில் சுமார் 6.6 லட்சம் கன கிலோமீட்டர் நீர் கிடக்கிறது. பெரும்பகுதி சஹாராவுக்கு அடியில் என்பது உண்மைதான், ஆனால் மற்ற இடங்களிலும் ஒரு கைபம்புக்குப் போதுமான அளவு பரவலாக உண்டு. பெரிய மோட்டார் போட்டு நகரத்துக்கு இறைக்கும் அளவுக்குத்தான் பல இடங்களில் பாறை தராது. சில இடங்களில் இருந்தும் பயனில்லை. எத்தியோப்பியா முதல் தான்சானியா வரையுள்ள பிளவுப் பள்ளத்தாக்கில் ஃபுளோரைடு அதிகம், பிள்ளைகளின் பல் பழுப்பாகும், தர்மபுரியில் பார்ப்பதுபோல.

அப்படியானால் இத்தனை வருடமாக ஆழ்துளைக் கிணறு போட்டும் ஏன் தீரவில்லை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

போட்ட பம்புகளில் எந்த நேரத்தில் பார்த்தாலும் சுமார் நான்கில் ஒன்று ஓடுவதில்லை. 2009 வாக்கில் மூன்றில் ஒன்று என்று கணக்கிட்டிருந்தார்கள். பம்பு நின்ற அன்றே பிள்ளைகள் பழைய குட்டைக்கோ அடுத்த ஊருக்கோ நடக்கத் தொடங்கிவிடுவார்கள். மேலே போட்ட வரிசைக் கணக்கை நினைத்துப் பாருங்கள், ஒன்று நின்றால் அதன் சுமை பக்கத்து பம்பில் ஏறி, அதுவும் சீக்கிரம் தேயும்.

ஏன் நிற்கிறது? பல நேரம் தேய்ந்துபோன ரப்பர் வாஷர், அறுந்த கம்பி. சில டாலர் சாமான்தான். ஆனால் கடை மாவட்டத் தலைநகரில் இருக்கும், கிராமக் குழுவிடம் சேர்த்த காசு இருக்காது, இருந்தாலும் பொருளாளர் யார் என்பதில் சண்டை இருக்கும், மெக்கானிக்குக்கு மோட்டார் சைக்கிள் பெட்ரோல் யார் போடுவது என்று தெரியாது. வாரங்கள் ஓடும்.

பம்பின் கதையில் நமக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்கா முழுக்கப் பரவிக் கிடக்கும் கைபம்புகளில் ஒன்று இந்தியா மார்க் 2. 1970-களில் யுனிசெஃப் உதவியோடு உருவாகி, கோயம்புத்தூர் பக்கத்து ஆழமான கிணறுகளில் சோதித்து, சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் தயாரிக்கத் தொடங்கியது. உகாண்டாவில் யு2 என்று ஓடுவது இதன் உடன்பிறப்பு. உறுதியானது, ஆனால் ரிப்பேர் என்றால் இரும்புக் குழாய்களை மேலே இழுக்க ஆட்களும் கருவிகளும் வேண்டும். நிலத்தடி நீர் புளிப்பாக இருக்கும் இடங்களில் அந்த இரும்புக் குழாய் அரித்து, தண்ணீர் துருச் சிவப்பாக வரும். சோறு நிறம் மாறும், துணி கறையாகும், பம்பு ஓடினாலும் பெண்கள் குட்டைக்கே திரும்பிவிடுவார்கள். கிராமத்துக்காரர்களே கழற்றி மாட்டும்படி 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் உருவானதுதான் ஆஃப்ரிடெவ் என்ற கைபம்பு. அதிலும் வாஷர் தேயும், ஆனால் கழற்ற ஒரு ஸ்பானரும் கொஞ்சம் பயிற்சியும் போதும். பம்பு எது என்பதைவிட, நின்றால் யார் வருவார் என்பதுதான் விஷயம். கென்யாவின் கிட்டுயியில் பம்புகளில் கருவி பொருத்தி, நின்றதும் மெக்கானிக்குக்குத் தகவல் போகும்படி செய்து, ஊர் மாதக் கட்டணம் கட்டும் ஏற்பாட்டை முயன்றபோது, முன்பு சராசரியாக ஒரு மாதம் போல ஆன ரிப்பேர் மூன்று நாளுக்குள் முடிந்தது. புதிய கிணறு எதுவும் தோண்டாமலே.

பிள்ளைகள் சுற்றி விளையாடினால் தண்ணீர் வரும் ராட்டினம் என்று ஒன்று வந்ததே, என்ன ஆயிற்று?

ப்ளேபம்ப். தென்னாப்பிரிக்காவில் பிறந்த யோசனை. ராட்டினம் சுற்றினால் தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும், தொட்டியின் பக்கங்களில் விளம்பரம். 2006-இல் அமெரிக்காவில் 1.64 கோடி டாலர் திட்டமாக அறிவித்து, 2010-க்குள் 4,000 பம்பு என்று இலக்கு வைத்தார்கள். ஒன்றின் விலை 14,000 டாலர் அளவில், சாதாரணக் கைபம்பைவிடப் பல மடங்கு. சொன்ன அளவு ஆட்களுக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்றால் பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009-இல் கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டுக் காட்டியது. பிள்ளைகள் களைத்ததும் நடுவயதுப் பெண்கள் கூச்சத்தோடு ராட்டினத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பல இடங்களில் நன்றாக ஓடிய கைபம்பைக் கழற்றிவிட்டு இதை வைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம். அமெரிக்கத் திட்டம் சில வருடத்தில் மூடப்பட்டது.

உருட்டிக்கொண்டு போகும் பீப்பாய்?

ஹிப்போ ரோலர், அதுவும் தென்னாப்பிரிக்கா, 1991. 90 லிட்டர் ஒரே நடையில். சமதளத்தில் நல்ல பொருள். மேடு பள்ளம், முள்ளுப் பாதை என்றால் சிரமம், விலையும் கிராமக் குடும்பத்துக்கு அதிகம்.

தண்ணீர் எடுப்பது குழந்தைத் தொழிலாளர் முறையா?

அளவைப் பொறுத்தது. வீட்டுக்கு ஒரு கேன் எடுத்துவருவதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, வீட்டில் வளரும் பிள்ளை செய்யும் வேலைதான். யுனிசெஃப் கணக்கில் 5 முதல் 14 வயதுப் பிள்ளை வாரத்துக்கு 21 மணி நேரமோ அதற்கு மேலோ சம்பளமில்லா வீட்டுவேலை செய்தால் அது குழந்தை உழைப்பில் சேரும். நாளைக்கு மூன்று மணி நேரம். ஐந்து கேன் கணக்கு அதன் பக்கத்தில் வந்துவிடுகிறது, அப்புறம் விறகு, பாத்திரம், தம்பி தங்கையைப் பார்ப்பது. ஒரு நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடும் சர்வதேச விதிகள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து வருவதையும் உற்பத்தியாகவே ஏற்கின்றன. சமையல் அதில் சேராது, தண்ணீர் சேரும்.

பிள்ளைகளுக்கு இதில் சந்தோஷமே கிடையாதா?

உண்டு. பம்படி என்றால் தோழிகள், பாட்டு, கைத்தட்டு விளையாட்டு, வீட்டில் பெரியவர்கள் காதில் விழாத பேச்சு. படம் எடுக்கிறவர்கள் சோகமான முகத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். சிரிக்கிறார்கள் என்பதற்காகக் கழுத்து வலிக்காமலும் இல்லை.

தண்ணீர் பக்கத்தில் வந்தால் உண்மையில் என்ன மாறும்?

26 நாடுகளின் கணக்கெடுப்பை வைத்து 2012-இல் வந்த ஓர் ஆய்வு: ஒரு வழி நடை 15 நிமிடம் குறைந்த வீடுகளில் சின்னப் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு 41 சதவீதமும், ஐந்து வயதுக்குள் இறப்பு 11 சதவீதமும் குறைவாக இருந்தது. தண்ணீரின் தரம் மாறியதால் மட்டுமே இது வந்தது என்று சொல்ல முடியாது. தண்ணீர் கூடுதலாக வந்ததும், அம்மா கூடுதல் நேரம் வீட்டில் இருந்ததும் சேர்ந்து காரணமாக இருக்கலாம்.

நான் பணம் அனுப்பிக் கிணறு போட்டுக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் அனுப்புவதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட பம்புகளில் இன்று எத்தனை ஓடுகின்றன? கெட்டால் எத்தனை நாளில் சரிசெய்கிறீர்கள், செலவு யாருடையது? அந்த மாவட்ட நீர்த்துறைக்குத் தெரியுமா? தண்ணீரைச் சோதித்தீர்களா, இரும்பும் ஃபுளோரைடும் சேர்த்து? பதில் படங்களாக மட்டும் வந்தால் வேறு இடம் பாருங்கள். பெயர்ப் பலகை வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பழைய பம்பைச் சரிசெய்கிறவர்களுக்குக் கொடுக்கும் பணத்துக்குப் பலகையும் கிடையாது, ரிப்பன் வெட்டும் கிடையாது, ஆனால் ஒரு புதிய கிணற்றின் செலவில் பல பம்புகள் மறுபடி ஓடும்.

பணத்துக்குப் பதில் குடம், பாட்டில், வடிகட்டி என்று பொருளாக அனுப்பினால்?

வேண்டாம். கேன் அந்த ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கும், கப்பல் செலவைவிட மலிவாக.